சொன்னதைச் செய்யாததும், செய்யப்போவதைச் சொல்லாததும்

நம் மொரிசியஸின் காத்ர் போர்ன் நகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2024 நவம்பரில் முதன்முதலாக வாக்களித்தேன். ஏழே மாதத்தில், 2025 ஜூன் வரவுசெலவுத் திட்டத்தில், முதியோர் ஓய்வூதிய வயதை 60இலிருந்து படிப்படியாக 65ஆக உயர்த்துவதாக அறிவித்துவிட்டார்கள். தேர்தல் அறிக்கையில் இது இல்லவே இல்லை. கட்சிகள் கொடுத்த வாக்குறுதியைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டுமா? நிலைமை மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. அது சரியா? காப்பாற்றாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?"

தம்பி, காப்பாற்றத்தான் வேண்டும். அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள்ளேயே இன்னொரு கேள்வி இருக்கிறது. நீங்கள் வருந்துவது ஒரு வாக்குறுதி உடைந்ததற்காக அல்ல. யாரும் சொல்லாத ஒன்று நடந்துவிட்டதே என்றுதான் வருந்துகிறீர்கள். ஐம்பது வருடமாக இந்தத் தீவில் வாக்களித்துவரும் எனக்கு அதுதான் பெரிய குற்றமாகத் தெரிகிறது. சொல்லித் தவறியவரிடம் போய்க் கேட்க ஒரு காகிதமாவது கையில் இருக்கும். சொல்லாமலே மறைத்தவரிடம் எதைக் காட்டிக் கேட்பது?

நம் மொழியில் 'வாக்கு' என்றால் சொல், 'வாக்கு' என்றால் ஓட்டு. அரசியல்வாதி வாக்குக் கொடுக்கிறார், நாம் வாக்குப் போடுகிறோம். கொடுத்து வாங்கும் காரியம் இது. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கும் நம்மவர்களைப் பாருங்கள். நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விட்டால் அவர்களுக்கு உறக்கம் வராது. உடம்பு முடியாமல் போனால் கோவிலுக்கு வந்து, அடுத்த வருடம் எடுக்கிறேன் என்று சாமியிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லாமல் இருந்துவிடுவதில்லை. அரசியல்வாதியிடம் நான் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான்.

வாக்குறுதியைக் காப்பாற்றினால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். 1975 மே 20ஆம் தேதி மாணவர்கள் தலைநகர் போர்ட் லூயியை நோக்கி ஊர்வலம் போனோம். கிராண்ட் ரிவர் நார்த் வெஸ்ட் பாலத்தில் போலீஸ் மறித்தது. கல்வியில் சமத்துவம் வேண்டும் என்பது எங்கள் கோரிக்கைகளில் முக்கியமானது. அதன் பிறகு வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. 1976 டிசம்பர் 20 தேர்தலுக்கு முன்னால் அன்றைய பிரதமர் சர் சீவுசாகர் ராம்கூலாம், இடைநிலைக் கல்வி இலவசமாகும் என்று அறிவித்தார். தேர்தல் முடிவு அவருக்குச் சாதகமாக இல்லை. இடதுசாரி எதிர்க்கட்சியான எம்எம்எம் 34 இடங்களோடு முதலில் வந்தது, அவர் அணிக்குக் கிடைத்தது 28. முன்பு எதிரியாக இருந்த பிஎம்எஸ்டி கட்சியோடு சேர்ந்துதான் அவரால் ஆட்சி அமைக்க முடிந்தது. கைவிட நினைத்திருந்தால் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கலாம். ஆனால் 1977 ஜனவரியில் கல்லூரிக் கட்டணம் நின்றது. இங்கே இடைநிலைப் பள்ளியைத்தான் கல்லூரி என்போம், வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த என் அப்பாவால் ஒரு பிள்ளைக்குத்தான் கட்டணம் கட்ட முடிந்தது. அந்த ஒரு பிள்ளை நான், மகன் என்பதால். தொடக்கப் பள்ளியை முடித்த தங்கை ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். 1977 ஜனவரியில் அவள் சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பின்னாளில் அவள் செவிலியரானாள். எங்கள் தலைமுறையில் இந்தத் தீவு முழுக்க இப்படி எத்தனை தங்கைகள்! ஒரு தேர்தல் வாக்குறுதி என்பது வெறும் மேடைப் பேச்சல்ல, ஒரு வீட்டின் கதையையே மாற்றக்கூடியது என்று நான் நம்புவது அதனால்தான்.

அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1974, 75இல் உலகச் சந்தையில் சர்க்கரை விலை ஏறியிருந்தது, அரசின் கையில் காசு இருந்தது. அப்புறம் விலை விழுந்தது. 1979இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 1981இல் மறுபடியும் குறைத்தார்கள். பன்னாட்டு நாணய நிதியத்திடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. ஆனாலும் இலவசக் கல்வியை எந்த அரசும் தொடவில்லை. நிலைமை மாறினால் வாக்கும் மாறித்தான் ஆக வேண்டும் என்ற விதி ஒன்றும் இல்லை. எதை முதலில் காப்பாற்றுவது என்று ஆட்சியில் இருப்பவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இனி அப்பாவின் பக்கம். 1982 ஜூனில் எம்எம்எம், பிஎஸ்எம் ஆகிய இரண்டு கட்சிகளும் சேர்ந்த கூட்டணி தீவின் 60 இடங்களையும் ஒன்றுவிடாமல் வென்றது. அந்த இரவு தெருவில் நின்று பாடியவர்களில் நானும் ஒருவன். உழைக்கும் மக்களின் ஆட்சி வந்துவிட்டது என்று நினைத்தோம். நிதியமைச்சரான பால் பெரஞ்சே திறந்து பார்த்த கஜானாவில் ஒன்றும் இல்லை. கடன் கொடுத்தவர்கள் நிபந்தனையோடு நின்றார்கள். செலவைக் குறைக்க வேண்டும், மானியங்களைக் குறைக்க வேண்டும் என்ற வழியில்தான் அவரால் போக முடிந்தது. அதுவும் மொழி, பண்பாடு பற்றிய சச்சரவுகளும் சேர்ந்து 1983 மார்ச்சில் அரசு உடைந்தது. ஆகஸ்டில் மறுபடியும் தேர்தல். 60க்கு 60 வாங்கிய கூட்டணி ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. அன்று நான் அவர்மேல் கடுங்கோபத்தில் இருந்தேன். இன்று நினைத்தால், கஜானா காலியாக இருக்கும்போது அதைக் காலி என்று சொன்னது தவறல்ல என்று தோன்றுகிறது. தேர்தலுக்கு முன்பே நாட்டின் கடன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் செய்ய முடியும் என்று 1982இன் கூட்டங்களில் யாராவது சொல்லியிருந்தால், எங்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

உண்மையிலேயே எதிர்பாராதது வந்தால் மாற்றலாம். கோவிட் வந்தது, எல்லையை மூடினோம், சுற்றுலா நின்றது. அப்போது ஒரு திட்டம் தள்ளிப்போனால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் எதிர்பாராதது என்று சொல்லப்படுவது நிஜமாகவே எதிர்பாராததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். உங்கள் ஓய்வூதிய விஷயத்துக்கு இந்தக் கேள்வியோடுதான் வருகிறேன்.

இந்த ஓய்வூதியத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் நாட்டில் வாக்குறுதி என்பதன் முழு வரலாறும் இதற்குள் இருக்கிறது. 1950இல் ஏழை முதியவர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது, 1958இலிருந்து வருமானம் பார்க்காமல் எல்லா முதியவர்களுக்கும் என்றானது. சுதந்திரத்துக்குப் பத்து வருடம் முன்பே நமக்குக் கிடைத்த உரிமை இது. 2004இல் ஒரு அரசு மறுபடியும் வருமான வரம்பு கொண்டுவந்தது. 2005 தேர்தலில் எதிரணி, நாங்கள் வந்தால் அதை நீக்குவோம், மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பேருந்தை இலவசமாக்குவோம் என்றது. வந்தார்கள், அந்த வருடமே இரண்டையும் செய்தார்கள். 2014இல் லலியான்ஸ் லெபேப் என்ற கூட்டணி, ஓய்வூதியத்தை 5,000 ரூபாய் ஆக்குவோம் என்றது, ஆட்சிக்கு வந்த கையோடு ஆக்கியது. 2019இல் அன்றைய பிரதமர் பிரவிந்த் ஜக்நாத்தின் அணி, 2020 தொடக்கத்தில் 9,000, பதவிக்காலம் முடிவதற்குள் 13,500 என்றது. அந்தத் தொகையும் வந்து சேர்ந்தது. தொகையும் தேதியும் போட்டுச் சொன்ன வாக்குறுதிகளை நம் கட்சிகள் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கின்றன. 'இவர்கள் எல்லோரும் பொய்யர்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, ஆனால் அது உண்மை அல்ல.

அதே சமயம், ஒவ்வொரு தேர்தலிலும் தொகை ஏறியதே தவிர, இதை எத்தனை காலம் கொடுக்க முடியும் என்று எந்த மேடையும் பேசவில்லை. நம் ஜனத்தொகையில் 60 கடந்தவர்கள் ஐந்தில் ஒருவரை நெருங்கிவிட்டார்கள். பிறப்பு குறைந்துகொண்டே வருகிறது. இது ஒரே இரவில் வந்த செய்தியும் அல்ல. 2008இலேயே, சந்தா கட்டிப் பெறும் தேசிய ஓய்வூதிய நிதிக்கு வயதைப் பத்து வருடத்தில் 60இலிருந்து 65ஆகக் கொண்டுபோகும் மாற்றத்தைத் தொடங்கினார்கள். அப்போது எல்லோருக்கும் கொடுக்கும் இந்த அடிப்படை ஓய்வூதியத்தை மட்டும் 60இலேயே விட்டுவைத்தார்கள். அன்று பிரதமராக இருந்தவர் நவீன் ராம்கூலாம். 2025 ஜூன் 5 அன்று, பிரதமராகவும் நிதியமைச்சராகவும் எழுந்து நின்று அதையும் 65 ஆக்குகிறோம் என்று படித்தவரும் அவரே.

அரசு சொன்ன காரணத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பதவிக்கு வந்ததும் 2024 டிசம்பரில் நாட்டின் பொருளாதார நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பொதுக்கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. முந்தைய அரசு சொன்ன கணக்குகள் நிஜத்தைவிட அழகாக இருந்தன என்றார்கள். 2025 ஜனவரி இறுதியில், நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் மூடிஸ் நிறுவனம் நம் கடன் தரத்தின் போக்கை எதிர்மறைக்கு மாற்றியது. ஒரு படி இறங்கினால் முதலீட்டுக்கு உகந்த நாடு என்ற தகுதியே போய்விடும். இதெல்லாம் உண்மை. கடன் பற்றிய விவரம் அவர்களுக்குப் புதிதாகத் தெரியவந்தது என்றே வைத்துக்கொள்வோம். முதியவர்களின் எண்ணிக்கையுமா புதிது? அது 2008இலேயே தெரியும். ஆகவே 'நிலைமை மாறிவிட்டது' என்ற பதில் கடனுக்குப் பொருந்தும், வயதுக்குப் பொருந்தாது.

என் கருத்தைக் கேட்டால், வயதை உயர்த்துவது என்றாவது ஒருநாள் செய்தே ஆக வேண்டிய காரியம்தான். என் வயதுக்காரர்கள் பலருக்கு இதைக் கேட்கப் பிடிக்காது. ஆனால் தையல் ஆலையில் முப்பத்தைந்து வருடம் ஊசிக்கு முன் குனிந்து உட்கார்ந்து, 60ஐ எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கண் மங்கி, முதுகு தேய்ந்து, இன்னும் சில மாதம்தான் என்று கடனை அடைக்கக் கணக்குப் போட்டு வைத்திருப்பாள். அவளிடம் தேர்தலுக்கு முன்னால் வந்து, "அம்மா, இதை மாற்றப்போகிறோம், கடினமான வேலை செய்தவர்களுக்கு இந்த ஏற்பாடு செய்வோம், பத்து வருடம் முன்கூட்டியே தெரிவிப்போம்" என்று சொல்லியிருக்கலாம். அவள் வாக்களித்திருப்பாளோ மாட்டாளோ, முடிவு அவள் கையில் இருந்திருக்கும். மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான், 60க்கும் 65க்கும் இடையில் கஷ்டப்படுகிறவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை என்ற பேச்சு வந்தது. அந்த யோசனை தேர்தல் அறிக்கையில் இருந்திருக்க வேண்டும். மக்களிடம் முன்பே பேசியிருந்தால், மக்களே அதைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இதே போன்ற இன்னொரு மௌனம் 2017 ஜனவரியில் நடந்தது. 2014இல் சர் அனிருத் ஜக்நாத் பிரதமராவார் என்று வாக்களித்தோம். பாதி வழியில் அவர் விலகி, மகன் பிரவிந்த் பிரதமரானார். சட்டப்படி அதில் பிழை இல்லை, நாடாளுமன்றப் பெரும்பான்மை இருந்தது. ஆனால் வாக்குக் கேட்கும்போது அதைச் சொல்லவில்லை.

மெட்ரோ விஷயம் உங்களுக்கு நேரடியாகத் தெரியும், தினமும் அதில்தானே போகிறீர்கள். 2014இல் லலியான்ஸ் லெபேப், அன்றைய அரசின் இலகுரக ரயில் திட்டம் வேண்டாம் என்று பிரசாரம் செய்தது, ஜெயித்ததும் திட்டத்தை ரத்து செய்தது. 2017இல் அதே கூட்டணி மெட்ரோ எக்ஸ்பிரஸ் வேலையைத் தொடங்கியது. 2019 அக்டோபரில் போர்ட் லூயி, ரோஸ் ஹில் பாதையைத் திறந்துவைத்தார்கள். 2022இல் கியூர்பிப் வரை போய்விட்டது. முழங்கால் வலியோடு பேருந்துப் படி ஏறிய காலம் எனக்கு நினைவிருக்கிறது, மெட்ரோ வந்தது எனக்கு மகிழ்ச்சிதான். இந்தியா மானியம் கொடுத்ததால் கணக்கு மாறியது என்றார்கள், அதுவும் ஒரு காரணம்தான். இருந்தாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. நாங்கள் 2014இல் சொன்னது தவறு, இன்ன காரணத்தால் மனதை மாற்றிக்கொண்டோம் என்று யாரும் மக்கள் முன்னால் நின்று சொல்லவில்லை. நல்லது நடந்தது என்பதால் அது விளக்கம் ஆகிவிடாது. வேண்டாம் என்று சொன்னதை நம்பி வாக்களித்தவருக்கும் ஒரு பதில் சேர வேண்டியிருந்தது. உங்கள் அப்பா இந்த உதாரணத்தை எடுப்பார் என்று தெரியும். எடுத்தால் இதைச் சொல்லுங்கள்.

தண்ணீர் வேறு வகை. 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் என்று 2014இல் சொன்னார்கள். அக்டோபர் வந்து மார் ஓ வகோவா நீர்த்தேக்கம் இறங்கத் தொடங்கியதும் வாளிகளை வரிசையில் வைக்கும் வேலை நம் வீடுகளில் இன்னும் நிற்கவில்லை. சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் பாதிக்கும் மேல் பழைய குழாய்களில் ஒழுகிப்போகிறது. பூமிக்கு அடியில் தீவு முழுக்க ஓடும் குழாய்களை ஐந்து வருடத்தில் மாற்றிவிட முடியாது என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். 'வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் குழாய் மாற்றுவோம்' என்பது கொடுக்கக்கூடிய வாக்கு. அதைக் கேட்டுக் கைதட்ட ஆள் கிடைக்காது என்று நினைத்துத்தான் 24 மணி நேரம் என்றார்கள். இங்கே தவறு வாக்கை உடைத்ததில் இல்லை, கொடுத்ததிலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் அண்ணா நினைவுக்கு வருகிறார். 1967 தமிழ்நாட்டுத் தேர்தலில் திமுக ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. ஆனால் 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று சேர்த்துச் சொன்னது. வென்ற பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்று படி வரவே இல்லை என்று எதிர்க்கட்சிகள் கேட்டதும் நியாயமான கேள்விதான். ஆனாலும் எது ஆசை, எது உறுதி என்று பிரித்துச் சொன்ன அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும். நம் கட்சிகளும் அறிக்கையை அப்படி இரண்டாகப் பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

அப்புறம் ஏலம். நம் பேச்சுமொழியான கிரியோலில் 'லபூஸ் தூ' என்கிறோமே, வாயை இனிக்க வைப்பது, அது வாக்குறுதியின் நோய். 2024 பிரசாரத்தில் ஒரு கூட்டணி ஊழியர்களுக்குப் பதினான்காவது மாதச் சம்பளம் என்றதும் அடுத்த கூட்டணியும் அதையே சொன்னது. ஒன்றை ஒன்று மிஞ்சத்தான் பார்த்தார்களே தவிர, யார் பணத்தில் என்று இரு பக்கமும் விளக்கவில்லை. தனியார் துறையில் அதைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி, அதில் இரண்டு பேரை வைத்துக் கடை நடத்துகிறவரும் உண்டு. ஆட்சி மாறிய பிறகு அந்த டிசம்பரில் அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்தார்கள். வரம்பு வைத்தது நியாயமாகக்கூட இருக்கலாம். அதை மேடையிலேயே வைத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

நீதிமன்றத்துக்குப் போக முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது, உலகில் பெரும்பாலும் எங்கும் முடியாது. இலவசத் தொலைக்காட்சி, மிக்ஸி, கிரைண்டர் வாக்குறுதிகளை எதிர்த்துத் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் அறிக்கையில் சொல்வது சட்டப்படி முறைகேடு ஆகாது, ஆனால் தேர்தல் ஆணையம் இதற்கு வழிகாட்டு விதி வகுக்க வேண்டும் என்றது. அதன்படி, வாக்குறுதிக்கான காரணத்தையும் பணத்துக்கான வழியையும் கட்சிகள் காட்ட வேண்டும் என்ற விதி 2014இல் வந்தது. நீதிபதி ஒருவர், நீ சொன்னபடி பள்ளிக்கூடம் கட்டு, இத்தனை ரூபாய் கொடு என்று அரசை நடத்த ஆரம்பித்தால், நாம் போட்ட வாக்குக்கு என்ன மதிப்பு? நீதிமன்றம் ஒதுங்கி நிற்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

கூட்டணி ஆட்சியில் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பது இன்னொரு வழக்கமான பதில். 12 நாடுகளில் 57 தேர்தல்களில் கொடுக்கப்பட்ட 20,000க்கும் மேற்பட்ட வாக்குறுதிகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். தனிக் கட்சி ஆட்சியில் வாக்குறுதி நிறைவேறுவது அதிகம், கூட்டணியில் குறைவு என்பதே அதில் கண்டது. பிரிட்டனில் 2010இல் லிபரல் டெமாக்ரட் கட்சி, பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. கன்சர்வேட்டிவ் கட்சியோடு ஆட்சியில் சேர்ந்ததும், கட்டண வரம்பை 9,000 பவுண்டாக உயர்த்துவதற்கு உடந்தையானது. 57 இடங்கள் வைத்திருந்த கட்சி 2015இல் 8 இடங்களுக்கு வந்தது. ஆனால் அவர்கள் கூட்டணி சேர்ந்தது தேர்தலுக்குப் பிறகு. நம் ஊரில் கூட்டணி தேர்தலுக்கு முன்பே உறுதியாகிவிடுகிறது, ஒரே அறிக்கையில் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆகவே பங்காளிக் கட்சி தடுத்தது என்ற சாக்கு இங்கே எடுபடாது. உண்மையில் நடப்பது என்னவென்றால், யாருக்கு எத்தனை தொகுதி என்ற பேரத்துக்கு மாதக்கணக்கில் நேரம் போகிறது, என்ன செய்யப்போகிறோம் என்ற அறிக்கை வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்புதான் வருகிறது. படித்துப் பார்க்கக்கூட நமக்கு நேரம் இருப்பதில்லை.

நெதர்லாந்தில் 1986இலிருந்து, கட்சிகள் தங்கள் அறிக்கையை அரசின் பொருளாதார ஆய்வு அமைப்பிடம் கொடுத்து, செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு கூடும் என்று கணக்குப் பார்க்கச் செய்கின்றன. கட்டாயம் இல்லை, ஆனால் கொடுக்காத கட்சியை மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2012இலிருந்து நாடாளுமன்றத்துக்கு என்றே தனி வரவுசெலவு அலுவலகம் உண்டு. பன்னிரண்டரை லட்சம் அளவுக்கு மக்கள் தொகை உள்ள நமக்கு இது பெரிய காரியம் அல்ல. இப்படி ஒன்று இருந்திருந்தால் 'கஜானா காலி என்று வந்த பிறகுதான் தெரிந்தது' என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதோடு சேர்ந்தது. ஒரு கூட்டணிக்குப் பின் இன்னொரு கூட்டணி அதை அறிக்கையில் எழுதியும் அது வருடக்கணக்கில் சட்டமாகாமல் கிடந்தது. காசு செலவாகாத வாக்குறுதி அது! அதைத் தள்ளிப்போட எந்தப் பொருளாதார நெருக்கடியும் காரணம் ஆகாது.

ஆக, கடைசியில் நம் கையில் இருப்பது அடுத்த தேர்தல் ஒன்றுதான். அதனால்தான் தேர்தலைத் தள்ளிப்போடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன். 1967க்குப் பிறகு 1972இல் வந்திருக்க வேண்டிய பொதுத் தேர்தல் 1976வரை வரவில்லை. நகராட்சித் தேர்தல் 2015க்குப் பிறகு மறுபடி மறுபடி ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே மாதத்தில்தான் நடந்தது. பத்து வருடம்! வாக்குக் கொடுத்தவரிடம் போய்க் கேட்கும் நாளையே எடுத்துவிட்டால் அப்புறம் வாக்கு என்ன, வாக்குறுதி என்ன? 2024இல் மறுபடியும் 60க்கு 60 என்று ஒரே அணி வென்றது. அரசியலமைப்பை மாற்றத் தேவையான முக்கால் பங்கு பெரும்பான்மை அதற்குக் கிடைத்தது. எதிர்வரிசைக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றானது. நாடாளுமன்றத்துக்குள் கேட்க ஆள் குறைவாக இருக்கும்போது வெளியில் இருக்கும் நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எப்படி என்று கேட்டீர்கள். எங்கள் சந்தில் நடந்ததைச் சொல்கிறேன். மழை பெய்தால் எங்கள் சந்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். 2013 மார்ச்சில் போர்ட் லூயி வெள்ளத்தில் 11 பேர் இறந்த பிறகு, வடிகால் என்ற சொல் இல்லாமல் எந்தத் தேர்தலும் நடக்கவில்லை. ஒரு வேட்பாளர் வீடு வீடாக வந்து, ஆறு மாதத்தில் வடிகால் என்றார். வென்றார். அதன்பின் எங்கள் சந்துப் பக்கம் திரும்பவே இல்லை. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பார்களே, அந்தக் கதைதான்.

அடுத்தவர் வந்தபோது நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு காரியம் செய்தோம். அவர் கொடுத்த துண்டுப் பிரசுரத்திலேயே பேனாவைக் கொடுத்து, எந்த வருடம், எந்தப் பணத்தில் என்று எழுதச் சொன்னோம். தயங்கினார். பின்பு இரண்டாம் வருடம், நகராட்சிப் பணம் என்று எழுதினார். நான் அதைத் தமிழ்ப் பாடக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தேன். இரண்டாம் வருடம் முடிந்ததும் அவருக்குப் பிரசுரத்தின் நகலோடு ஒரு கடிதம் அனுப்பினோம், தெருவில் இருந்த பதினான்கு வீட்டாரும் கையெழுத்துப் போட்டோம்.

ஒரு சனிக்கிழமை மாலை அவரே வந்தார். கையில் வரைபடம் இருந்தது. சந்தின் முனையில் ஒரு நிலத்தின் எல்லைத் தகராறு நீதிமன்றத்தில் இருக்கிறது, அதன் வழியாகத் தோண்ட முடியாது, எழுதிக் கொடுத்தபோது இது தனக்குத் தெரியவில்லை, விசாரிக்காமல் எழுதியது தன் தவறு என்றார். மேல் பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனால் செலவு கூடும், இன்னும் பதினெட்டு மாதம் ஆகும் என்று சொல்லி, எங்கள் முன்னாலேயே பழைய தேதியை அடித்துப் புதிய தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டு அக்கா விடாமல் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். அவரும் எழுந்து போகாமல் உட்கார்ந்து பதில் சொன்னார், அக்கா போட்ட தேநீரை இரண்டு முறை குடித்தார். வடிகால் இருபது மாதத்தில் வந்தது. தேர்தல் வந்தபோது எங்கள் சந்தில் பலரும் அவருக்கே மறுபடி வாக்களித்தோம். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் தெருவில் அடுத்த முறை யாராவது கதவைத் தட்டும்போது ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு போய்த் திறங்கள், தம்பி.